‘நாஸ்டியர்’: அதைவிடப் பொல்லாதது

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தாள். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி: ‘தி செகண்ட் சிரப் வாஸ் மோர் நாஸ்டியர்.’ அதில் ‘மோர்’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. விளக்கம் எதுவும் இல்லை.

“மாமா, ரெண்டாவது மருந்து இன்னும் மோசமா இருந்துச்சுன்னுதானே எழுதினேன்? இன்னும்னா மோர்தானே? அப்புறம் ஏன் அடிச்சிருக்காங்க?”

நியாயமான கேள்வி. நாள் முழுக்க ஆங்கிலத்தைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. ‘அது தப்பு, அப்படி எழுதக்கூடாது’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் யோசித்த வழியில் எனக்குத் தப்பு தெரியவில்லை. தமிழில் யோசிக்கும் யாருக்கும் அப்படித்தான் வரும். அன்று அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே ரொம்ப தூரம் போகலாம்.

முதலில் ‘நாஸ்டி’

நாஸ்டியர், ‘நாஸ்டி’ என்ற பண்புச்சொல்லிலிருந்து வருவது. எழுத்துக் கூட்டினால் என், ஏ, எஸ், டி, ஒய். பிரிட்டிஷ்காரர்கள் ‘நா’வை நீட்டிச் சொல்வார்கள். அமெரிக்கர்கள், பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லுக்கு வாயை அகலத் திறக்கிறோமே, அந்த ஒலியைப் போட்டு ‘நேஸ்டி’ என்பது போலச் சொல்வார்கள். நாம் பள்ளியில் பழகியது பிரிட்டிஷ் உச்சரிப்பு. அதையே வைத்துக்கொள்வோம்.

அகராதியைப் புரட்டினால் அருவருப்பான, மோசமான, கெட்ட, அசிங்கமான, கொடிய என்று வரிசையாகப் பொருள் இருக்கும். எல்லாம் சரிதான், எதுவும் முழுசாகப் பொருந்தாது. நாஸ்டி என்று சொல்லும்போது சொல்பவரின் முகம் சுளிக்கிறது. அந்தச் சுளிப்புதான் சொல்லின் உயிர். பாகற்காய் கசக்கும். அதை ‘பிட்டர்’ என்றால் காயின் குணத்தைச் சொன்னதாகும். ‘நாஸ்டி’ என்றால் அது நாக்கில் பட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொன்னதாகும். பாகற்காய்ப் பிரியர் ஒருவர் ‘இட் இஸ் பிட்டர், பட் ஐ லவ் இட்’ என்று தாராளமாகச் சொல்லலாம். பிட்டருக்குப் பதில் நாஸ்டி போட்டால் அந்த வாக்கியம் ஒட்டாது.

இதற்குத் தமிழில் மிக அருகில் நிற்கும் சொல் எது என்று பல வருஷம் தேடியிருக்கிறேன். நான் வந்து சேர்ந்த சொல் ‘பொல்லாத’. பொல்லாத வெயில், பொல்லாத வியாதி, பொல்லாத வார்த்தை, பொல்லாத ஆள். நாஸ்டி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இதுவும் போகிறது. உலகநீதியில் ‘ஒருவரையும் பொல்லாங்கு சொல்ல வேண்டாம்’ என்று படித்திருப்போம். ஆங்கிலத்தில் ‘நாஸ்டி ரிமார்க்’ என்பது அந்தப் பொல்லாங்குதான். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பொல்லாத சரியாக உட்காராது. அங்கே குமட்டுகிறது, அருவருப்பாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

‘இயர்’ எப்படி ஒட்டுகிறது

ஆங்கிலத்தில் இரண்டை ஒப்பிடும்போது பண்புச்சொல்லின் வடிவமே மாறும். சின்னச் சொற்களுக்கு வாலில் ‘இ, ஆர்’ என்ற இரண்டு எழுத்துகள் சேரும்: டால் டாலர் ஆகும், கோல்ட் கோல்டர் ஆகும். இரண்டு அசை உள்ள சொல், முன்னால் ஒரு மெய்யெழுத்து நிற்க ஒய்-யில் முடிந்தால், அந்த ஒய் போய் ‘ஐ’ வந்து, அதன் பின் இ, ஆர் சேரும். நாஸ்டி நாஸ்டியர் ஆவது இப்படித்தான். டர்ட்டி டர்ட்டியர், அக்ளி அக்ளியர், ஃபில்த்தி ஃபில்த்தியர் எல்லாம் இதே குடும்பம். எல்லாவற்றிலும் பொல்லாதது என்று சொல்ல வேண்டுமானால் ‘நாஸ்டியஸ்ட்’.

நீளமான சொற்களின் வாலில் எதையும் ஒட்டினால் வாய் தாங்காது. அவற்றுக்கு முன்னால் ‘மோர்’ என்று ஒரு தனிச் சொல் வரும்: மோர் அன்ப்ளெசன்ட், மோர் டிஸ்கஸ்டிங், மோர் ஹாரிபிள். ஆக ஒன்று வால், இல்லையென்றால் மோர். இரண்டும் செய்வது ஒரே வேலை. ஒரு சொல்லுக்கு ஒன்று போதும். ‘நாஸ்டியர்’ என்று எழுதிய உடனேயே ‘கூடுதல்’ என்ற பொருள் சொல்லுக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னால் மோர் போட்டால் ஒரே பொருளை இரண்டு தடவை சொன்னதாகும். சிவப்பு மை விழுந்த காரணம் அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்படி இரண்டு தடவை சொல்வது ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் தப்பாக இருக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரின் உடலுக்குப் பக்கத்தில் நின்று ஆன்டனி பேசுகிறான். ப்ரூட்டஸ் குத்திய குத்தைக் காட்டி அவன் சொல்வது ‘தி மோஸ்ட் அன்கைண்டெஸ்ட் கட் ஆஃப் ஆல்’, எல்லாவற்றிலும் இரக்கமற்ற குத்து. மோஸ்ட்டும் இருக்கிறது, வாலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அழுத்தம் கொடுக்க அப்படிப் பேசினார்கள், எழுதினார்கள். பிற்பாடு 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு இலக்கண நூல் எழுதியவர்கள் இதைப் பிழை என்று வகுத்தார்கள். இன்றைக்குத் தேர்விலும் அலுவலகத்திலும் அது பிழைதான். இதை அக்கா மகளிடம் சொன்னபோது நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அடிக்கப்பட்ட அந்த வரியை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டாள்.

தமிழன் ஏன் ‘மோர்’ போடுகிறான்

நமக்குக் குறிப்பாகத் தேவைப்படுவது இந்தப் பகுதி. ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் இது இருக்காது, ஏனென்றால் அவை தமிழர்களை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல.

தமிழில் பண்புச்சொல்லுக்கு ஒப்பீட்டு வால் கிடையாது. ‘இந்த மருந்து மோசம்’, ‘அந்த மருந்தைவிட இந்த மருந்து மோசம்’. இரண்டு வாக்கியத்திலும் ‘மோசம்’ அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது மருந்து: ‘மருந்தைவிட’ ஆகிவிட்டது. அதாவது, எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயர்ச்சொல்லின் தலையில் நாம் ஒப்பீட்டை ஏற்றுகிறோம். ஆங்கிலக்காரர் பண்புச்சொல்லின் வாலில் கட்டுகிறார்.

நம் வழி நேற்று வந்ததல்ல. குறளில் பாருங்கள்:

தீயவை தீய பயத்தலால் தீயவை
தீயினும் அஞ்சப் படும்.

தீய செயல்கள் தீமையையே கொண்டுவருவதால், தீயைக் காட்டிலும் அவற்றுக்கு அஞ்ச வேண்டும். இதில் ஒப்பீடு எங்கே இருக்கிறது? ‘தீயினும்’ என்பதில் மட்டும். தீ என்ற பெயரோடு இன் உருபும் உம்மும் சேர்ந்ததும் ‘தீயைவிட’ என்றாகிவிட்டது. ‘அஞ்சப்படும்’ தன் பாட்டுக்கு இருக்கிறது. ‘அமிழ்தினும் ஆற்ற இனிதே’ என்ற இடத்திலும் அப்படித்தான். அமிழ்துதான் உருபு ஏற்றது, இனிமை ஏற்கவில்லை. இரண்டாயிரம் வருஷப் பழக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். ‘இனும்’ போய் ‘விட’ வந்திருக்கிறது, இருக்கும் இடம் மாறவில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுத உட்காரும்போது, ‘நாஸ்டியர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு இருக்கிறது என்பது நம் காதில் விழுவதில்லை. நமக்கு அது ‘மோசம்’ என்றே கேட்கிறது. மோசத்துக்கு மேலே ‘இன்னும்’ வேண்டாமா? உடனே ‘மோர்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நன்றாகப் படித்தவர்களும் அவசரத்தில் ‘மோர் பெட்டர்’ என்று சொல்லிவிடுவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, அந்த ‘இன்னும்’ என்ன ஆயிற்று? அதை ஆங்கிலத்தில் சொல்லவே முடியாதா? முடியும். அதற்கு ‘ஈவன்’ என்ற சொல் இருக்கிறது. முதல் மருந்தே குமட்டியது, இரண்டாவது அதைவிடக் குமட்டியது என்றால் ‘தி செகண்ட் சிரப் வாஸ் ஈவன் நாஸ்டியர்’. நம் ‘இன்னும்’ செய்கிற வேலையை ஈவன் செய்துவிடும். ‘ரொம்பவே மோசம்’ என்று வித்தியாசம் பெரிசாகத் தெரிய வேண்டுமானால் ‘மச் நாஸ்டியர்’ அல்லது ‘ஃபார் நாஸ்டியர்’. ‘கொஞ்சம்’ என்றால் ‘எ பிட் நாஸ்டியர்’. ‘வெரி’ மட்டும் வராது; ‘வெரி நாஸ்டி’ சரி, ‘வெரி நாஸ்டியர்’ தப்பு.

எதைவிட என்று சொல்ல ‘தன்’ என்ற சொல் வேண்டும். எழுத்துக் கூட்டினால் டி, ஹெச், ஏ, என். தமிழில் ‘விட’ பெயருக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தில் ‘தன்’ பெயருக்கு முன்னால் வரும்: ‘நாஸ்டியர் தன் தி ஃபர்ஸ்ட் சிரப்’, முதல் மருந்தைவிடக் குமட்டல். நேரத்தைக் குறிக்கும் ‘தென்’ என்ற சொல் இ போட்டு எழுதுவது. இரண்டையும் மாற்றி எழுதுவது ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அன்றாடம் செய்யும் பிழை.

‘வொர்ஸ்’ வேறு, ‘நாஸ்டியர்’ வேறு

மோசம் என்ற ஒரே சொல்லை வைத்து நாம் எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். அதனால் ‘அதைவிட மோசம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் வொர்ஸ் போடுவதா, நாஸ்டியர் போடுவதா என்ற குழப்பம் வரும்.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், விடுப்பு கேட்டு மேலாளருக்கு அனுப்பிய செய்தியில் ‘மை ஃபாதர் இஸ் நாஸ்டியர் டுடே’ என்று எழுதிவிட்டார். ‘அப்பாவுக்கு இன்னிக்கு இன்னும் மோசமா இருக்கு’ என்பது அவர் மனசில் இருந்த வரி. ஆங்கிலத்தில் அது ‘அப்பா இன்றைக்கு இன்னும் பொல்லாதவராக நடந்துகொள்கிறார்’ என்று போய்ச் சேர்ந்தது. மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி போன் பண்ணி விளக்க வேண்டியிருந்தது. அப்பா அந்த நிலையில் படுத்திருக்கும்போது ஒரு சொல்லுக்காக அவர் தவித்த தவிப்பு எனக்கு மறக்கவில்லை. இந்த வித்தியாசத்தை யாராவது முன்னாலேயே சொல்லித்தந்திருந்தால் அவருக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

அங்கே வர வேண்டியது ‘வொர்ஸ்’: ‘ஹி இஸ் வொர்ஸ் டுடே’. வொர்ஸ் ஓர் அளவுகோலில் கீழே இறங்கியதைச் சொல்லும். மதிப்பெண் குறைந்தால் வொர்ஸ், சாலை பழுதானால் வொர்ஸ், உடம்பு சரிந்தால் வொர்ஸ். அதில் முகச்சுளிப்பு இல்லை. நாஸ்டியர் அளவை மட்டும் சொல்லாது, அது எப்படி உறைக்கிறது என்பதையும் சொல்லும். ஒன்று, அது அருவருப்பாக இருக்க வேண்டும். அல்லது அதில் வன்மம் இருக்க வேண்டும். அல்லது அது ஆளைப் போட்டுப் படுத்த வேண்டும். கணக்கில் ஒருவன் தம்பியைவிட மட்டமாக இருந்தால் ‘வொர்ஸ் அட் மேத்ஸ்’. அவன் தம்பியிடம் பொல்லாதவனாக இருந்தால்தான் ‘நாஸ்டியர்’. நோய்க்கு நாஸ்டி சொல்லலாம், நோயாளிக்குச் சொல்லக்கூடாது. ‘அப்பாவின் இருமல் நாஸ்டியர்’ என்று அந்த நண்பர் எழுதியிருந்தால் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

கூடவே ஒரு விஷயம். ‘பேட்’ என்ற சொல்லுக்கு ஏன் ‘பேடர்’ வரவில்லை, சம்பந்தமே இல்லாத ‘வொர்ஸ்’ எப்படி வந்தது என்று கேட்பார்கள். வொர்ஸ் பழைய சொல். இன்றைய ‘ஈவில்’ என்ற சொல்லின் முன்னோடிதான் பழைய ஆங்கிலத்தில் கெட்டது என்பதற்குப் பொதுச்சொல். வொர்ஸ் அதன் ஒப்பீட்டு வடிவமாக இருந்தது. பேட் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்தபோது, வீட்டோடு சேர்த்து வொர்ஸும் அதற்கு வந்துவிட்டது. நடுவில் சில நூற்றாண்டுகள் ‘பேடர்’ என்றும் எழுதினார்கள். அது நிலைக்கவில்லை.

எங்கெல்லாம் கேட்கலாம்

சுவை, வாசனை இரண்டும் அடிப்படை. கெட்டுப்போன பால், அடைத்துக்கொண்ட சாக்கடை, மருந்து. அடுத்தது வானிலை. குளிரும் மழையும் காற்றும் சேர்ந்து வெளியே தலைகாட்ட முடியாத நாளை ஆங்கிலேயர்கள் ‘நாஸ்டி வெதர்’ என்பார்கள். அந்தத் தீவில் அப்படிப்பட்ட நாள்களுக்குக் குறைவில்லை என்பதால் இதை அடிக்கடி கேட்கலாம்.

காயம், நோய். ‘எ நாஸ்டி கட்’ என்றால் அசிங்கமான வெட்டு என்று அர்த்தம் இல்லை, ஆழமான வெட்டு, லேசாக விடக்கூடாதது என்று அர்த்தம். ‘எ நாஸ்டி ஃபால்’ என்றால் பலமாக விழுந்துவிட்டார். பிரிட்டனில் டாக்டர் ‘தட் இஸ் எ நாஸ்டி காஃப்’ என்று சொன்னால் அதில் ஓர் ஆதரவும் இருக்கிறது: ‘பொல்லாத இருமலா இருக்கே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற தொனி. தமிழாக்கும்போது இதை ‘அருவருப்பான இருமல்’ என்று எழுதிவிட்டால் பாவம், நோயாளியைத் திட்டியது போல ஆகிவிடும்.

அதிர்ச்சிக்கும் வரும். நல்ல செய்தியை எதிர்பார்த்துக் கடிதத்தைப் பிரித்தவருக்கு உள்ளே வேறு இருந்தால் ‘எ நாஸ்டி ஷாக்’. விலை மலிவு, தரமும் மட்டம் என்ற பொருளுக்கு பிரிட்டனில் ‘சீப் அண்ட் நாஸ்டி’ என்று ஒரு ஜோடிச் சொல் உண்டு. 1980களில் அங்கே வீடியோ கேசட்டில் வந்த கொடூரப் படங்களை ‘வீடியோ நாஸ்டி’ என்று பெயர்ச்சொல்லாகவே அழைத்தார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1984இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே கொண்டுவந்தது.

அமெரிக்காவில் இன்னொரு பயன் உண்டு. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து கடைசி நொடியில் வளைந்து, மட்டை பிடித்தவர் வெறுங்காற்றை அடிக்கும்படி ஒருவர் வீசினால், அதை ‘நாஸ்டி’ என்று புகழ்வார்கள். எதிராளிக்குப் பொல்லாதது, பார்ப்பவனுக்கு விருந்து. ‘பொல்லாத ஆளுப்பா நீ!’ என்று ஒருவரின் சாமர்த்தியத்தைப் பார்த்து நாம் சொல்வதும் இதேதான். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே வளைவில் திரும்பியிருப்பதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் அமெரிக்கப் பேச்சுவழக்கில் இந்தச் சொல்லுக்கு ஆபாசச் சாயலும் உண்டு. அதனால் புதிதாகக் கற்பவர்கள் புகழ்ச்சிக்கு இதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அழுக்கிலிருந்து வன்மத்துக்கு

நாஸ்டி ஆங்கிலத்தில் ஏறக்குறைய 600 வருஷமாக இருக்கிறது. அதன் வேர் எது என்பதில் சொல்லாராய்ச்சியாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. டச்சு மொழியில் அழுக்கைக் குறிக்கும் ஒரு சொல்லோடு சிலர் சேர்க்கிறார்கள், பழைய பிரெஞ்சோடு சிலர் சேர்க்கிறார்கள். தாமஸ் நாஸ்ட் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரரின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். அவர் பிறந்தது 1840இல். சொல் அவரைவிட 400 வருஷத்துக்கு மேல் மூத்தது.

ஆரம்பத்தில் இதன் பொருள் அழுக்கு, குப்பை, கண்ணால் பார்க்கக் கூசும் அசுத்தம். இன்றைக்கு இருப்பதைவிடக் கனமான சொல். 1651இல் வந்த லெவியத்தான் என்ற நூலில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, அரசு என்று ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்வு எப்படி இருக்கும் என்பதை ஐந்து சொற்களில் சொல்கிறார்: தனிமையானது, வறியது, நாஸ்டி, விலங்குத்தனமானது, குறுகியது. இன்றைய ‘நாஸ்டி வெதர்’ பழக்கத்தோடு அதைப் படித்தால் ஏதோ கொஞ்சம் சங்கடமான வாழ்க்கை என்று தோன்றும். அவர் சொன்னது சேற்றிலும் மலத்திலும் கிடக்கும் வாழ்க்கை. போகப் போகச் சொல் இளகி, மழைக்கும் இருமலுக்கும் சொல்லும் அளவுக்கு இறங்கிவந்தது. இன்னொரு பக்கம் மனிதனின் குணத்துக்கும் ஏறிவிட்டது.

சொல் இப்படி இடம் மாறுவது நமக்குப் புதிதல்ல. ‘நாறுதல்’ என்றால் ஒரு காலத்தில் மணப்பதுதான். கண்ணனின் வாய் ‘கருப்பூரம் நாறுமோ’ என்று வெண்சங்கிடம் ஆண்டாள் கேட்பது கற்பூர மணத்தைத்தான். இன்றைக்கு யாரிடமாவது அப்படிக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

மனிதரைப் பார்த்துச் சொல்லும்போது

ஒரு மனிதரை நாஸ்டி என்றால், அவர் வேண்டுமென்றே பிறரை நோகடிக்கிறார் என்று பொருள். தெரியாமல் செய்தவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘டோன்ட் பி நாஸ்டி டு யுவர் சிஸ்டர்’ என்று அம்மா பிள்ளையை அதட்டலாம். ஆனால் அலுவலகக் கடிதத்தில் ஒருவரை இந்தச் சொல்லால் குறித்தால் அது நேரடியான குற்றச்சாட்டு. புதிதாக ஆங்கிலம் எழுதுபவர்கள் கோபத்தில் இதைத் தொடாமல் இருந்தால் நல்லது. ‘ரூட்’ அல்லது ‘அன்கைண்ட்’ போதும்.

அரசியலில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் பிடிமானம் பெரிது. 2002 அக்டோபரில் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு போர்ன்மத் நகரில் நடந்தது. அப்போது கட்சியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த, பின்னாளில் பிரதமரான தெரசா மே, மக்கள் நம்மை எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா, ‘நாஸ்டி பார்ட்டி’ என்கிறார்கள் என்று சொந்தக் கட்சிக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். கட்சியைத் திருத்துவதற்காகச் சொன்னது. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின்னும் எதிராளிகள் அதை எடுத்து வீசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

2016 அக்டோபர் 19ஆம் தேதி, லாஸ் வேகஸ் நகரில் நடந்த அதிபர் தேர்தல் விவாதத்தில் ஹிலாரி கிளின்டன் பேசிக்கொண்டிருக்கும்போதே டொனால்ட் டிரம்ப் குறுக்கே புகுந்து ‘சச் எ நாஸ்டி வுமன்’ என்றார். அதைக் கேட்ட பெண்கள் பலர் அந்தச் சொல்லையே டீ-சட்டையில் அச்சிட்டு, பெருமையாக அணிந்துகொண்டார்கள்.

இந்த வாக்கியத்தைத் தமிழாக்கிப் பாருங்கள். கை முதலில் ‘மோசமான பெண்’ என்று எழுதப் போகும். எழுதவே கூடாது. தமிழில் ஒரு பெண்ணை மோசமான பெண் என்றால் அது நடத்தையைப் பற்றிய அவதூறு. டிரம்ப் சொன்னது அது இல்லை. ‘அருவருப்பான பெண்’ என்றால் தோற்றத்துக்குப் போய்விடும். ‘சிடுமூஞ்சி’ போதாது, ‘விஷம் கக்கும் பெண்’ ரொம்ப அதிகம். நான் என்றால் ‘என்ன ஒரு பொல்லாத பெண்!’ என்று எழுதுவேன். வசையும் இருக்கிறது, வன்மம் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. டீ-சட்டையில் போட்டுக்கொண்டு பெருமைப்படவும் அந்தச் சொல்லில் இடம் இருக்கிறது.

செய்தியில் நாஸ்டியர் வருகிற வேறொரு இடம் ‘கெட்டிங்’ என்பதோடு சேர்ந்து. ‘தி கேம்பெய்ன் இஸ் கெட்டிங் நாஸ்டியர்’, பிரசாரம் நாளுக்கு நாள் தரம் தாழ்கிறது. ‘நாஸ்டியர் அண்ட் நாஸ்டியர்’ என்று இரட்டித்தும் சொல்வார்கள். இங்கே ‘தன்’ வராது. நேற்றைவிட இன்று என்பது சொல்லாமலே புரியும். ‘தி லாங்கர் தே ஆர்க்யூட், தி நாஸ்டியர் இட் காட்’ என்று இரண்டு பக்கமும் வால் வைத்த வாக்கியமும் உண்டு. ‘எவ்வளவு நேரம் வாதாடினார்களோ அவ்வளவு மோசமாகியது’ என்று அதைத் தமிழில் எழுதினால் பொருள் சரி, தமிழ் செத்துவிடும். ‘பேசப் பேச வார்த்தை தடித்தது’. நாலே சொல். ஆங்கிலம் பண்புச்சொல்லின் வாலில் சொல்வதை நாம் வினையில் சொல்கிறோம்: சண்டை முற்றியது, பேச்சு தடித்தது, இருமல் இறுகியது. நாஸ்டியருக்குத் தமிழில் ஒரு பண்புச்சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தால் இந்தச் சொற்கள் கண்ணில் படாது.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து, அம்மா நிலவேம்புக் கஷாயத்தை ஒரு டம்ளரில் ஆற்றிக்கொண்டு வந்தார். காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியும் பேத்திக்கு நிறுத்தவில்லை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “திஸ் இஸ் ஈவன் நாஸ்டியர் தன் தி சிரப்.”

“என்னடா சொல்றா இவ?” என்றார் அம்மா என்னிடம்.

“ஒண்ணுமில்லை அம்மாச்சி. அந்த மருந்தைவிட இது இன்னும் குமட்டுதுன்னு சொன்னேன்.”

“குமட்டட்டும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தையும் குடி.”